உரிமையியல் சட்டத்தின் அடிப்படைகள்: ஓர் இணையவழி அறிமுக வகுப்பின் மதிப்பீடு

சட்டக் கல்லூரியில் படிக்காத, ஆனால் ஒப்பந்தம், கடன், வாடகை, இழப்பீடு என்று ஏதாவது ஒரு வகையில் உரிமையியல் சட்டத்தோடு நாள்தோறும் புழங்க வேண்டியிருக்கும் பொது வாசகருக்கு அச்சட்டத்தின் கோட்பாடுகளையும் கலைச்சொற்களையும் அறிமுகப்படுத்தும் இணையவழி வகுப்பு ஒன்றை அண்மையில் முழுமையாகப் படித்து முடித்தேன். பதிவு செய்யப்பட்ட விரிவுரைகள், ஒவ்வொன்றுக்கும் உரிய வாசிப்புக் குறிப்புகள், பாட இறுதியில் பயிற்சி வினாக்கள், எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு கலைச்சொல் தொகுப்பு என்பது அதன் அமைப்பு. கடப்பாடுகளையும் சொத்துரிமையையும் விளக்கும் நடுப்பகுதி ஒன்றுக்காகவே இந்த வகுப்பைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். மெய்ப்பிப்பையும், கோரிக்கை எழுப்புவதற்கான காலவரம்பையும் பற்றிய இறுதிப் பகுதியோ அவசரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதை அப்படியே நம்பிக் கற்பவர் பிழையான முடிவுக்கு வர இடமுண்டு.

இப்படிப்பட்ட ஒரு வகுப்பை எதைக்கொண்டு அளப்பது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜெர்மன் சட்ட மாணவர்களுக்குத் தொடக்கத்திலேயே மனப்பாடமாகப் பதியவைக்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: யார், யாரிடமிருந்து, எதை, எந்த அடிப்படையில் கேட்கிறார்? உரிமையியல் சட்டத்தின் கலைச்சொற்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியின் நான்கு கூறுகளில் ஏதோ ஒன்றுக்கு விடை சொல்வதற்காகவே உருவானவை. உரிமைகளைத் தாங்கும் தகுதியான ‘உரிமைத்திறன்’ என்பது ‘யார்’ என்பதற்கான விடையின் ஒரு பகுதி. ஒருவர் இன்னொருவருக்குக் கட்டுப்பட்டிருக்கும் ‘கடப்பாடு’ என்பது ‘யாரிடமிருந்து’ என்பதற்கானது. ‘ஒப்பந்தம்’, ‘தீங்கு’, ‘முறையற்ற ஆதாயம்’ (சட்ட அடிப்படையின்றிப் பெற்றது) ஆகியவை ‘எந்த அடிப்படையில்’ என்பதற்கானவை. சொற்களைத் தனித்தனியாக வரையறுத்து மனனம் செய்யச் சொல்லும் பாடநூல்கள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றைப் படித்தவர் வரையறைகளை ஒப்பிப்பார், ஆனால் ஒரு பிணக்கு எதிரே வந்து நின்றால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் திகைப்பார். ஆகவே, பாடத்தை முடித்தவர் இந்த நான்கு கூறுகளையும் தாமாகவே பிரித்துக் கேட்கப் பழகியிருக்கிறாரா என்பதைத்தான் என் அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும் எல்லை தெளிவானது. உரோமானியச் சட்டத்தில் வேரூன்றி, ஐரோப்பியக் கண்டத்தில் தொகுப்புச் சட்டங்களாக உருப்பெற்ற மரபையே அது பின்பற்றுகிறது. பிரெஞ்சு, ஜெர்மன், சுவிஸ் தொகுப்புகளிலிருந்து எடுத்துக்காட்டுகளைத் தருகிறது. குடும்பச் சட்டமும் வாரிசுரிமையும் இதில் இல்லை. ஜெர்மன் தொகுப்பு பொதுப்பகுதி, கடப்பாடுகள், சொத்து, குடும்பம், வாரிசுரிமை என ஐந்து நூல்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதை நினைவில் கொண்டால், இந்த வகுப்பு முதல் மூன்றோடு நின்றுவிடுகிறது எனலாம். அறிமுக அளவில் இந்த வரம்பு சரியானதே.

வரலாற்றுப் பகுதி சுருக்கமாகவும் போதுமானதாகவும் இருக்கிறது. ஆட்கள், பொருள்கள், வழக்குகள் என்று காயஸ் என்னும் உரோமானியச் சட்ட அறிஞர் கைக்கொண்ட முப்பிரிவு, பேரரசர் ஜஸ்டீனியன் காலத்தில் 533-ஆம் ஆண்டு வெளிவந்த மாணவர் பாடநூலுக்கும் சட்டகமாக அமைந்தது. 1804-ஆம் ஆண்டின் பிரெஞ்சு உரிமையியல் தொகுப்பிலும் அதன் சாயல் தெரிகிறது. 1900 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த ஜெர்மன் தொகுப்பு வேறொரு வழியில் சென்றது. எல்லா உறவுகளுக்கும் பொதுவான விதிகளை முன்னே பிரித்தெடுத்து ஒரு பொதுப்பகுதியாக வைத்துவிட்டு, பிறகே சிறப்பு விதிகளுக்குள் நுழைந்தது. 1912-இல் நடைமுறைக்கு வந்த சுவிஸ் தொகுப்போ சுருக்கமான, சாதாரண மக்களும் படிக்கத்தக்க நடையைத் தேர்ந்துகொண்டது. இதில் விரிவுரையாளர் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார். சட்டம் மௌனமாக இருக்கும்போது நீதிபதி என்ன செய்ய வேண்டும் என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு, தொகுப்புகளை ஒப்பிடுகிறார். சட்டம் மௌனமாகவோ தெளிவின்றியோ இருக்கிறது என்ற சாக்கில் தீர்ப்பளிக்க மறுக்கும் நீதிபதி, நீதி மறுத்த குற்றத்துக்கு ஆளாவார் என்கிறது பிரெஞ்சுத் தொகுப்பின் 4-ஆம் பிரிவு. சட்டத்திலும் வழக்காற்றிலும் விடை இல்லையென்றால், தானே சட்டமியற்றுபவராக இருந்தால் எந்த விதியை வகுப்பாரோ அதன்படி நீதிபதி முடிவு செய்ய வேண்டும் என்கிறது சுவிஸ் தொகுப்பின் முதல் பிரிவு. தொகுப்புச் சட்டம் என்றால் எல்லாம் எழுதிவைக்கப்பட்டிருக்கும், நீதிபதி எடுத்து வாசித்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு வருபவரின் எண்ணத்தை இந்த இரண்டு பிரிவுகளே மாற்றிவிடும்.

ஆட்களைப் பற்றிய பாடத்தை விரைவாகவே கடந்துவிடலாம். இயற்கை ஆள் (மனிதர்), சட்டநிலை ஆள் (நிறுவனம் போன்றவை) என்ற பாகுபாடும், உரிமைகளைத் தாங்கும் திறனுக்கும் தாமே செயல்பட்டுச் சட்ட விளைவை உண்டாக்கும் திறனுக்கும் உள்ள வேறுபாடும் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. பிறந்த குழந்தை ஒரு வீட்டுக்கு உரிமையாளராக இருக்கலாம். அந்த வீட்டை அது விற்க முடியாது. ஜெர்மன் சட்டத்தில் ஏழு வயது நிறையாதவர் செய்யும் சட்டச் செயலுக்கு விளைவே கிடையாது. ஏழுக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்டவர், தமக்குச் சட்டப்படி நன்மையை மட்டுமே தரும் செயலைக் காப்பாளரின் ஒப்புதலின்றிச் செய்யலாம். இங்கே ‘சட்டப்படி நன்மை’ என்பதைப் ‘பொருளாதார இலாபம்’ என்று புரிந்துகொள்ளக் கூடாது என்பதை விரிவுரையாளர் அழுத்திச் சொல்வது பாராட்டத்தக்கது. சந்தை மதிப்பில் பாதி விலைக்கு ஒரு பொருள் கிடைத்தாலும், பணம் கொடுக்க வேண்டிய கடப்பாடு அந்த இளவர்மீது விழுகிறது. எனவே அந்தக் கொள்முதல் காப்பாளரின் ஒப்புதலை எதிர்நோக்கித்தான் நிற்கும்.

வகுப்பின் உண்மையான வலிமை கடப்பாடுகளில் தொடங்குகிறது. கடன்கொடுத்தவர், கடன்பட்டவர் என்ற இரு சொற்களும் பணக்கடனை மட்டும் குறிப்பவையாகப் பலர் மனத்தில் பதிந்திருக்கின்றன. உரிமையியல் சட்டத்தில் ஓவியம் வரைந்து தருவதாக ஒப்புக்கொண்டவரும் கடன்பட்டவர்தான். ஓர் இரகசியத்தை வெளியிடாமல் இருக்கக் கட்டுப்பட்டவரும் கடன்பட்டவர்தான். ஒரு குறிப்பிட்ட நபரிடம் ஒரு குறிப்பிட்ட செயலையோ செயலின்மையையோ கேட்கும் உரிமையே கடப்பாட்டின் சாரம் என்பதை நிறுவிவிட்டு, அந்த உரிமை எங்கிருந்து பிறக்கிறது என்ற கேள்விக்கு விரிவுரை நகர்கிறது. முறைப்படி உருவான ஒப்பந்தம் அதைச் செய்துகொண்டவர்களுக்குச் சட்டமாகவே நிற்கும் என்ற பிரெஞ்சுத் தொகுப்பின் 1103-ஆம் பிரிவையும், அதற்கு அடுத்தே வந்து, ஒப்பந்தம் பேசப்படும்போதும் உருவாகும்போதும் நிறைவேற்றப்படும்போதும் நல்லெண்ணம் வேண்டும் என்று கட்டளையிடும் 1104-ஆம் பிரிவையும் சேர்த்தே படிக்கச் சொல்கிறார்கள். இந்த வரிசை மிகச் சரியானது. கொடுத்த வாக்கு கட்டுப்படுத்தும் என்பதை மட்டும் கற்றவர் ஒப்பந்தத்தை ஆயுதமாகப் பார்ப்பார். நல்லெண்ணத்தை மட்டும் கற்றவர் அதை வெறும் நல்விருப்பமாகப் பார்ப்பார்.

ஒப்பந்தம் செல்லுபடியாவதற்குச் சம்மதம், செயல்திறன், சட்டத்துக்கு உட்பட்டதும் திட்டவட்டமானதுமான உள்ளடக்கம் ஆகிய மூன்றும் தேவை என்று பிரெஞ்சுத் தொகுப்பின் 1128-ஆம் பிரிவு கூறுகிறது. சம்மதத்தைக் கெடுக்கும் குறைகளான பிழைபட்ட எண்ணம், வஞ்சகம், வன்முறை ஆகியவற்றை விளக்கும்போது, சட்டம் ஒவ்வொன்றையும் ஏன் வேறுவிதமாக நடத்துகிறது என்பதையும் பாடம் விளக்குகிறது. ஜெர்மன் சட்டப்படி, தாம் சொன்னதில் பிழை நேர்ந்துவிட்டது என்பவர் அதைக் கண்டறிந்தவுடன், தம் தரப்பில் தாமதமின்றி, ஒப்பந்தத்தைத் தகர்க்க வேண்டும். தகர்த்தால், அவர் சொல்லை நம்பிச் செலவு செய்த எதிர்த்தரப்பின் இழப்பையும் ஈடுகட்ட வேண்டும். ஏமாற்றப்பட்டவருக்கோ, ஏமாற்றைக் கண்டறிந்த நாளிலிருந்து ஓராண்டு அவகாசம் உண்டு. ஏமாற்றியவருக்கு அவர் ஈடு எதுவும் தரத் தேவையில்லை. மிரட்டப்பட்டவருக்கும் அதே ஓராண்டுதான், ஆனால் மிரட்டல் ஓய்ந்த பிறகே அது தொடங்கும். யார் பக்கத்தில் தவறு இருக்கிறது, யாருடைய நம்பிக்கை காக்கப்பட வேண்டும் என்ற சிந்தனை இந்த விதிகளுக்குள் எவ்வளவு நுணுக்கமாகச் செயல்படுகிறது என்பதை ஒரு தொடக்க நிலை வகுப்பில் இவ்வளவு பொறுமையாக வேறெங்கும் நான் கேட்டதில்லை.

செல்லாத ஒப்பந்தத்துக்கும் செல்லாததாக்கத்தக்க ஒப்பந்தத்துக்கும் உள்ள வேறுபாடும் இங்கேதான் வருகிறது. பிறக்கும்போதே சட்ட விளைவில்லாதது முதல்வகை. பாதிக்கப்பட்டவர் எதிர்த்துக் குரல் கொடுக்கும்வரை முழு விளைவோடு நிற்பது இரண்டாம் வகை. பிரெஞ்சுச் சட்டம் இதை வேறொரு கோணத்தில் பார்க்கிறது: மீறப்பட்ட விதி பொதுநலனைக் காப்பதற்காக ஏற்பட்டதென்றால் செல்லாமை முழுமையானது, தனிநபர் நலனைக் காப்பதற்கு மட்டும் ஏற்பட்டதென்றால் சார்புடையது. முழுமையான செல்லாமையை நலன் பாதிக்கப்பட்ட எவரும், அரசு வழக்கறிஞரும்கூட, எழுப்பலாம். சார்புடையதை யாருக்காக அந்த விதி வகுக்கப்பட்டதோ அவர் மட்டுமே எழுப்பலாம், அவர் விரும்பினால் ஒப்பந்தத்தை உறுதிப்படுத்தியும் விடலாம். இந்தப் பகுதியின் வாசிப்புக் குறிப்பைக் கட்டாயமாகத் தரவிறக்கி வைத்துக்கொள்ளச் சொல்வேன். விரிவுரையைவிட அது செறிவாக எழுதப்பட்டிருக்கிறது.

அடுத்து வரும் சொத்துரிமைப் பாடம்தான் இந்த வகுப்பின் சிகரம். விற்பனை ஒப்பந்தம் உருவானவுடனே பொருளின் உரிமை வாங்குபவருக்கு மாறிவிடுகிறதா என்ற எளிய கேள்வியிலிருந்து அது தொடங்குகிறது. பொருளிலும் விலையிலும் உடன்பட்டவுடனே, பொருள் கைமாறாவிட்டாலும் விலை செலுத்தப்படாவிட்டாலும், இரு தரப்பினருக்கிடையே விற்பனை முழுமையடைகிறது, உரிமையும் வாங்குபவரைச் சேர்கிறது என்கிறது பிரெஞ்சுத் தொகுப்பின் 1583-ஆம் பிரிவு. ஜெர்மன் சட்டமோ ஒப்பந்தத்தையும் உரிமை மாற்றத்தையும் இருவேறு செயல்களாகப் பிரிக்கிறது. விற்பனை ஒப்பந்தம் கடப்பாட்டை மட்டுமே உண்டாக்கும். உரிமை மாற வேண்டுமென்றால் அதற்கென்றே தனியான உடன்பாடும், அசையும் பொருளானால் ஒப்படைப்பும், நிலமானால் பதிவேட்டில் பதிவும் வேண்டும். நடைமுறையில் ஒருவர் கடையில் பணம் கொடுத்து ஒரு பொருளை வாங்கும் சில நொடிகளுக்குள் மூன்று சட்டச் செயல்கள் நிகழ்ந்துவிடுகின்றன: விற்பனை ஒப்பந்தம், பொருளின் உரிமை மாற்றம், பணத்தின் உரிமை மாற்றம்.

இதைக் கேட்டவுடன் தேவையற்ற நுணுக்கம் என்று தோன்றுவது இயல்பு, விரிவுரையாளரும் அதை எதிர்பார்த்தே பேசுகிறார். அதன் பயனை உணர்த்த அவர் எடுத்துக்கொள்ளும் நிலைமை இது: விற்பனை ஒப்பந்தம் ஏதோ ஒரு காரணத்தால் செல்லாமற் போகிறது, ஆனால் உரிமை மாற்றச் செயலில் அந்தக் குறை இல்லை. ஜெர்மன் சட்டத்தில் வாங்கியவர் உரிமையாளராகவே நீடிப்பார். விற்றவர் ‘என் பொருளைக் கொடு’ என்று உரிமையாளராகக் கேட்க முடியாது, ‘சட்ட அடிப்படை இல்லாமல் நீ பெற்ற ஆதாயத்தைத் திருப்பிக்கொடு’ என்று கடன்கொடுத்தவராக மட்டுமே கேட்க முடியும். வாங்கியவர் திவாலாகிவிட்டால் இந்த வேறுபாடு பெரிதாகிவிடும். உரிமையாளர் தம் பொருளைத் திவால் சொத்திலிருந்து பிரித்தெடுத்துக்கொள்வார்; கடன்கொடுத்தவர் மற்ற கடன்கொடுத்தவர்களோடு வரிசையில் நிற்பார். ‘எந்த அடிப்படையில் கேட்கிறார்’ என்ற கேள்வி வெறும் வகைப்பாடாக முடிந்துவிடுவதில்லை, ஒருவர் முழுத்தொகையையும் பெறுகிறாரா அதில் ஒரு சிறு பங்கை மட்டும் பெறுகிறாரா என்பதையே தீர்மானிக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

உரிமைக்கும் கைவசத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க ஒரு மிதிவண்டியின் கதை பாடம் முழுவதும் தொடர்ந்து வருகிறது. ஒருவர் தம் மிதிவண்டியை நண்பருக்கு இரவல் கொடுக்கிறார். நண்பர் அதைத் தம்முடையது என்று சொல்லி மூன்றாமவருக்கு விற்றுவிடுகிறார். வாங்கியவருக்கு உண்மை தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய அறிகுறியும் எதுவும் இல்லை. இரு நேர்மையான மனிதர்களுக்கு நடுவே ஒரே ஒரு வண்டி நிற்கிறது. ஏமாற்றியவரோ பணத்தோடு மறைந்துவிட்டார். அசையும் பொருள்களில் கைவசமே உரிமைச் சான்றாகும் என்ற பிரெஞ்சுத் தொகுப்பின் 2276-ஆம் பிரிவும், நல்லெண்ணத்தோடு வாங்கியவரைக் காக்கும் ஜெர்மன் தொகுப்பின் 932-ஆம் பிரிவும் ஒரே பதிலைத் தருகின்றன: வாங்கியவர் உரிமையாளராகிறார். பொருளைத் தம் விருப்பத்தோடு கையைவிட்டுக் கொடுத்தவர், தாம் நம்பிய நண்பர்மீது வழக்குத் தொடர வேண்டியதுதான்.

இப்போது அதே வண்டி இரவல் கொடுக்கப்படாமல் திருடப்பட்டிருந்தால்? இங்கே இரண்டு சட்டங்களும் பிரிகின்றன. திருடப்பட்ட, தொலைந்துபோன பொருளுக்கு ஜெர்மன் சட்டத்தில் நல்லெண்ணப் பாதுகாப்பு கிடையாது. பணம், கொணர்பவர் பத்திரம் (கையில் வைத்திருப்பவருக்கே உரிமை தரும் பத்திரம்), பொது ஏலத்தில் விற்கப்பட்டவை ஆகியவை மட்டும் விதிவிலக்கு. பிரெஞ்சுச் சட்டத்தில் உரிமையாளர், தொலைந்த நாளிலிருந்தோ திருடப்பட்ட நாளிலிருந்தோ மூன்றாண்டுகளுக்குள் வண்டியை மீட்கலாம். அதிலும், வாங்கியவர் அதைச் சந்தையிலோ பொது விற்பனையிலோ அத்தகைய பொருள்களை விற்கும் வணிகரிடமோ வாங்கியிருந்தால், அவர் கொடுத்த விலையைத் திருப்பிக் கொடுத்துத்தான் மீட்க முடியும். ஒரு நியாயத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்று, அங்கே இன்னொரு நியாயம் குறுக்கிடும்போது சட்டம் எப்படி இரண்டையும் நிறுத்துப் பார்க்கிறது என்பதைக் கற்பவர் இந்தக் கதையின் வழியே தாமே கண்டுகொள்கிறார். இந்தப் பாடத்தை நான் மறுபடியும் கேட்டேன். சட்டம் கற்பிக்கும் எவரும் கேட்க வேண்டிய பாடம்.

கைவசத்தைப் பாதுகாப்பது பற்றிய துணைப்பாடமும் அதே தரத்தில் இருக்கிறது. உரிமையாளரே ஆனாலும் பிறர் கைவசமுள்ளதை வலிந்து பறித்துக்கொள்ளக் கூடாது. பறித்தால், முதலில் திரும்பக் கொடுத்துவிட்டுப் பிறகுதான் தம் உரிமையை நீதிமன்றத்தில் நிலைநாட்ட வேண்டும். உரிமையாளர் யார் என்ற கேள்வியை நீதிமன்றம் ஆராய்வதற்கு முன்பே கைவசத்துக்குக் காப்பு கிடைப்பது அநியாயமாகத் தோன்றலாம். தன் கையே தனக்கு நீதிமன்றம் என்று ஒவ்வொருவரும் கிளம்பினால் சமூக அமைதி என்னவாகும் என்பதுதான் இந்த விதிக்குப் பின்னால் நிற்கும் கவலை.

ஒப்பந்தம் அல்லாத கடப்பாடுகளுக்கு வகுப்பு ஒதுக்கியிருக்கும் இடம் குறைவுதான், எனினும் அடிப்படை பிசகவில்லை. பிறருக்குத் தீங்கு விளைவித்தவர் எவராயினும், அவருடைய தவற்றால் அது நேர்ந்திருந்தால் ஈடுகட்ட வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் பொதுவிதி வகுக்கும் பிரெஞ்சுத் தொகுப்பின் 1240-ஆம் பிரிவையும், உயிர், உடல், உடல்நலம், சுதந்திரம், உடைமை என்று காக்கப்படும் நலன்களை எண்ணிக் குறிப்பிடும் ஜெர்மன் தொகுப்பின் 823-ஆம் பிரிவையும் எதிரெதிரே வைத்து, தவறு, தீங்கு, அவற்றுக்கிடையேயான காரணத் தொடர்பு ஆகிய மூன்றையும் விளக்குகிறார்கள். தவறுதலாக இன்னொருவர் கணக்குக்குச் செலுத்தப்பட்ட பணம், ஊரில் இல்லாத அண்டை வீட்டாரின் புயலில் சேதமான கூரையை ஒருவர் தாமாகவே முன்வந்து செப்பனிடுவது ஆகிய எடுத்துக்காட்டுகள், ஒப்பந்தமும் இல்லாமல் தீங்கும் இல்லாமல் கடப்பாடு பிறக்கும் வழிகளைத் தெளிவாக்குகின்றன. இன்னும் சற்று விரித்திருக்கலாம் என்பதே என் குறை.

நிலைமை மாறும்போது ஒப்பந்தம் என்னாகும் என்ற பாடம் வரலாற்றையும் கோட்பாட்டையும் மிக நன்றாக இணைக்கிறது. பிரான்சில் 16-ஆம் நூற்றாண்டில் ஒரு பாசனக் கால்வாய்க்காக நிர்ணயிக்கப்பட்ட கட்டணம், மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் பராமரிப்புச் செலவோடு ஒப்பிடக்கூட முடியாத அளவுக்குச் சிறுத்துவிட்டது; ஆயினும், காலமும் சூழலும் மாறிவிட்டன என்பதற்காக நீதிமன்றம் ஒப்பந்தத்தைத் திருத்த முடியாது என்று பிரெஞ்சு உச்ச முறையீட்டு நீதிமன்றம் 1876-இல் தீர்ப்பளித்தது. ஜெர்மனியிலோ 1923-இல் பணவீக்கம் உச்சத்தைத் தொட்டபோது, மதிப்பே இல்லாத தாள் பணத்தைக் கொடுத்து அடமானக் கடனைத் தீர்த்துவிட முயன்றவரை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நல்லெண்ணக் கோட்பாட்டைத் துணைகொண்டு தடுத்தது. அந்தச் சிந்தனை பின்னர் ஜெர்மன் தொகுப்பின் 313-ஆம் பிரிவாக எழுத்தில் வந்தது. பிரான்சு 2016-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத் திருத்தத்தில்தான், எதிர்பார்க்க முடியாத சூழல் மாற்றத்தால் நிறைவேற்றம் மிதமிஞ்சிய சுமையாகிவிட்டால், அந்த இடரைத் தாம் ஏற்பதாக ஒப்புக்கொண்டிராத தரப்பு மறுபேச்சுக்கு அழைக்கலாம் என்ற 1195-ஆம் பிரிவைக் கொண்டுவந்தது. நிறைவேற்றவே முடியாமற்போகும் தவிர்க்கவியலா நிகழ்வுக்கும், நிறைவேற்றலாம் ஆனால் தாங்க முடியாத செலவாகும் நிலைக்கும் உள்ள கோட்டை இந்த வரலாறு தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது.

இவ்வளவு உயரத்துக்கு ஏறிய வகுப்பு மெய்ப்பிக்கும் சுமை பற்றிய பாடத்தில் சறுக்குகிறது. ஓர் உரிமையைத் தனக்கு உண்டு என்று சொல்பவரே அதற்கு அடிப்படையான உண்மைகளை மெய்ப்பிக்க வேண்டும் என்ற சுவிஸ் தொகுப்பின் 8-ஆம் பிரிவை வாசித்துக் காட்டிவிட்டு, சில நிமிடங்களில் பாடம் முடிந்துவிடுகிறது. கடன் கொடுத்தேன் என்பதைக் கொடுத்தவர் மெய்ப்பிக்க வேண்டும், திருப்பிச் செலுத்திவிட்டேன் என்பதைச் செலுத்தியவர் மெய்ப்பிக்க வேண்டும் என்ற இரண்டாம் படியே அங்கு வரவில்லை. உரிமையை உண்டாக்கும் உண்மை, உரிமையை அழிக்கும் உண்மை, உரிமையைத் தடுக்கும் உண்மை என்ற பகுப்பு இல்லாமல் ஒரு வழக்கின் போக்கைப் புரிந்துகொள்ள முடியாது. நல்லெண்ணம் இருப்பதாகவே சட்டம் முதலில் ஊகித்துக்கொள்கிறது, இல்லை என்பவர்தான் மெய்ப்பிக்க வேண்டும் என்பதை இங்கே சொல்லியிருந்தால், மிதிவண்டிக் கதைக்கே இன்னொரு பரிமாணம் கிடைத்திருக்கும். அந்த வண்டியை வாங்கியவர் தம் நேர்மையைத் தாமே மெய்ப்பிக்க வேண்டியிருந்தால், நடைமுறையில் பெரும்பாலான வழக்குகளில் அவர் தோற்றுவிடுவார்.

பயிற்சி வினாக்களிலும் இதே குறை. பாடங்கள் நிலைமைகளின் வழியாகக் கற்பிக்கின்றன. வினாக்களோ வரையறைகளைக் கேட்கின்றன. ‘செல்லாததாக்கத்தக்க ஒப்பந்தம் என்றால் என்ன?’ என்ற வினாவுக்கு நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு மதிப்பெண் பெற்றுவிடலாம். ஒரு சிறு பிணக்கை விவரித்து, யார் யாரிடம் எதைக் கேட்கலாம் என்று எழுதச் சொல்லும் ஒரே ஒரு வினாவாவது ஒவ்வொரு பாடத்துக்கும் இருந்திருக்க வேண்டும். கற்பவர்கள் இதைத் தாமே செய்துகொள்ளலாம்: ஒவ்வொரு விரிவுரையிலும் வரும் எடுத்துக்காட்டில் ஒரே ஓர் உண்மையை மட்டும் மாற்றி, விடை எப்படி மாறுகிறது என்று எழுதிப் பார்ப்பது போதும். வாங்கியவருக்குச் சந்தேகம் எழுந்திருந்தால்? விற்றவர் இளவராக இருந்தால்? பதிவேட்டில் வேறொருவர் பெயர் இருந்தால்?

ஒலிப்பதிவு தெளிவாக இருக்கிறது, பேச்சின் வேகம் குறிப்பெடுக்க ஏற்றதாக இருக்கிறது, எழுத்துக் குறிப்புகளில் பிரிவு எண்கள் சரியாகத் தரப்பட்டிருக்கின்றன. பிரெஞ்சுத் தொகுப்பில் 2016-க்குப் பின் ஒப்பந்தப் பிரிவுகளின் எண்கள் பெருமளவில் மாறிவிட்ட நிலையில், பழைய நூல்களில் 1382 என்று காணப்படும் தீங்குப் பிரிவே இன்றைய 1240 என்பதைக் குறிப்பு நினைவூட்டுவது, பிற நூல்களையும் சேர்த்துப் படிப்பவருக்குப் பேருதவி. சட்டப் படிப்பில் சேரவிருக்கும் மாணவர்களுக்கும், ஒப்பந்தங்களைப் படித்துக் கையொப்பமிட வேண்டிய பணியில் இருப்பவர்களுக்கும், சட்ட நூல்களை மொழிபெயர்ப்பவர்களுக்கும் இந்த வகுப்பு நன்கு பயன்படும். கையில் ஒரு வழக்கை வைத்துக்கொண்டு அதற்கு விடை தேடி வருபவருக்கு இது ஏற்றதன்று. அவருக்குத் தம் நாட்டுச் சட்டம் அறிந்த வழக்கறிஞர்தான் வேண்டும்.

இந்த வகுப்பை நடத்துபவர்கள் உடனே திருத்த வேண்டியது கலைச்சொல் தொகுப்பில் காலவரம்பு பற்றிய பதிவு. காலவரம்பு கடந்த கடன் ‘அழிந்துவிடும்’ என்று அங்கே எழுதப்பட்டிருக்கிறது. ஜெர்மன் சட்டத்தில் பொதுவான காலவரம்பு மூன்றாண்டு, பிரெஞ்சுச் சட்டத்தில் தனிநபர் கோரிக்கைகளுக்கும் அசையும் பொருள்கள் பற்றிய கோரிக்கைகளுக்கும் ஐந்தாண்டு என்று விரிவுரை சரியாகவே சொல்கிறது. அந்தக் காலம் ஓடத் தொடங்குவது, உரிமையுள்ளவர் அடிப்படை உண்மைகளை அறிந்த, அல்லது அறிந்திருக்க வேண்டிய நேரத்தைப் பொறுத்தது என்பதையும், ஜெர்மன் சட்டத்தில் அந்த ஆண்டின் முடிவிலிருந்துதான் கணக்கு தொடங்குகிறது என்பதையும் சொல்கிறது. ஆனால் காலம் கடந்ததால் ஜெர்மன் சட்டத்தில் கடன் அழிவதில்லை. கடன்பட்டவருக்கு நிறைவேற்ற மறுக்கும் உரிமை பிறக்கிறது, அவ்வளவுதான். அவர் அந்த உரிமையை எழுப்பாவிட்டால் நீதிமன்றம் தானாக அதைக் கவனத்தில் கொள்ளாது. காலம் கடந்தது தெரியாமலே அவர் செலுத்திவிட்டாலும், செலுத்தியதைத் திரும்பக் கேட்க முடியாது. பிரெஞ்சுச் சட்டமும் இந்த இரண்டிலும் அதே நிலையில்தான் நிற்கிறது. கடன் அழிந்துவிட்டது என்று நம்பிக்கொண்டு நீதிமன்றத்தில் வாய்திறக்காமல் இருப்பவர் வழக்கில் தோற்பார். ஆகவே இந்தப் பதிவு திருத்தப்படும்வரை, கற்பவர்கள் கலைச்சொல் தொகுப்பை விட்டுவிட்டு, ஜெர்மன் தொகுப்பின் 214-ஆம் பிரிவையும் பிரெஞ்சுத் தொகுப்பின் 2247, 2249-ஆம் பிரிவுகளையும் நேரடியாகவே படித்துக்கொள்ள வேண்டும்.